மறையாத ஊருக்கு ஒரு நினைவுச் சின்னம்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பூர்வகுடி ஊர்களை மரச்செதுக்கு அச்சுகளாக ஆக்கியவர் வால்டர் ஜே. பிலிப்ஸ். அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: அழிந்துகொண்டிருந்த ஒரு பண்பாட்டை, அது முற்றாக மறைவதற்குள், தன் உளியால் பிடித்துவைத்துக் காப்பாற்றியவர் அவர். ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். படங்களை விற்கிறவர்கள் சொல்கிறார்கள். அச்சுக்கலையின் மேல் உண்மையான பிரியம் கொண்ட நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாலேயே யாரும் அதை உரசிப் பார்ப்பதில்லை. பிலிப்ஸின் கைத்திறனோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை இந்த வாக்கியத்தோடுதான்.

கைத்திறனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 1884இல் இங்கிலாந்தில் பிறந்த பிலிப்ஸ், 1913இல் கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறி, பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டே அச்சுப்படம் செய்தார். 1917 வாக்கில் வண்ண மரச்செதுக்கில் இறங்கினார். 1920களின் நடுவில் இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்று தங்கியபோது, லண்டனில் வேலை செய்துகொண்டிருந்த உருஷிபரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் தாளைப் பதப்படுத்தும் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். 1926இல் வண்ண மரச்செதுக்கின் செய்முறை பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறையில் இன்றும் பெயர் சொல்லப்படுவது.

நம்மில் பலருக்கு மரச்செதுக்கு என்றால் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையிலும் அல்லி அரசாணி மாலையிலும் வரும் தடித்த கறுப்புக் கோட்டுப் படங்கள்தான் நினைவுக்கு வரும். பிலிப்ஸ் செய்தது வேறு வகை. செர்ரி மரப் பலகையில் முதலில் கோடுகளுக்கென்று ஒரு கட்டை செதுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கட்டை. வானத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, நனைந்த மரத்தின் சாம்பல் நிறத்துக்கு ஒன்று. நீரில் கரைத்த வண்ணத்தோடு அரிசிப் பசை சேர்த்துக் கட்டையில் தடவி, ஈரத்தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் தோல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் பின்புறம் அழுத்தித் தேய்க்க வேண்டும். அடுத்த வண்ணத்துக்கு அதே தாள் அடுத்த கட்டைமேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். தாள் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வண்ணம் கோட்டைத் தாண்டும். ஜப்பானில் இதற்கு வரைய ஒருவர், செதுக்க ஒருவர், அச்சிட ஒருவர், எல்லாருக்கும் மேலே பதிப்பாளர் ஒருவர். பிலிப்ஸ் வரைந்து, செதுக்கி, அச்சிட்டு, மூன்றையும் தன் கையாலேயே முடித்தார். அவருடைய ஈரமான வானத்தையும் கரையோர நீரில் வண்ணம் மெல்ல மங்கிப்போகும் இடத்தையும் பார்த்துவிட்டு அலட்சியமாகக் கடந்துபோகிறவருக்குக் கண் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் இப்படி உருவாகும் படத்தைப் பதிவு என்று அழைப்பது எப்படிச் சரியாகும்? 1927 கோடையில் அவர் அலர்ட் பே என்ற ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலிருந்த குவாக்குவாக்கவாக்கு மக்களின் ஊர்களுக்கும் போனார், வரைந்தார், திரும்பிவிட்டார். ‘மமலிலிகுலா’ என்ற மரச்செதுக்கு 1928இல் வந்தது. ‘கார்லுக்வீஸ்’ 1929இல். பசிபிக் கடலிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சமவெளி நகரம் ஒன்றின் வீட்டுக்குள், வரைதாளிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து தாளுக்கும் ஊர் கடந்துபோயிற்று. ஒவ்வொரு கட்டையும் ஒரு தேர்வு. எந்த நிறம் வேண்டாம், எந்த ஓசை வேண்டாம், எந்தக் குப்பை வேண்டாம் என்று கழித்துக் கழித்துத்தான் அந்த அமைதி கிடைக்கிறது. இது குறை இல்லை, கலையின் வேலையே இதுதான். இந்தக் கழித்தலை மறைத்துவிட்டு, ஊர் அப்படியே இருந்தது, அவர் பார்த்தார், எழுதிவைத்தார் என்கிறபோதுதான் பித்தலாட்டம் தொடங்குகிறது.

அவர் போன ஊர் எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சிகள் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிலிப்ஸைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

அந்தக் கரையின் மக்களுக்குப் பொட்லாட்ச் என்ற சடங்கு வாழ்க்கையின் அச்சாணி. கல்யாணம், பெயர் சூட்டல், இறந்தவருக்குத் துக்கம், பட்டத்தின் கைமாற்றம் எல்லாம் அதில்தான் நடக்கும். ஊர்கூட்டி, ஆடி, முகமூடிகளை இறக்கி, வந்த விருந்தினருக்கு எல்லாம் பொருள் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் நடந்ததற்குச் சாட்சி. எழுத்து ஆவணம் இல்லாத இடத்தில் அதுவே பத்திரப் பதிவு. கனடா அரசு 1884இல் சட்டம் திருத்தி, 1885 முதல் அதைக் குற்றமாக்கியது. கொடுப்பதிலேயே பெருமை காண்கிற சமூகத்தைச் சேர்த்துவைக்கிற சமூகமாக மாற்ற வேண்டும் என்பது அதிகாரிகளின் கணக்கு. மக்கள் அடங்கவில்லை. மழைக்காலத்தில் அதிகாரிகளின் படகு எளிதில் வர முடியாத தீவுகளில் நடத்தினார்கள்.

1921 டிசம்பரில் டான் கிரேன்மர் என்பவர் நடத்திய பெரிய பொட்லாட்ச் அப்படித்தான் நடந்தது. செய்தி வெளியே கசிந்தது. அலர்ட் பேயில் இருந்த அரசு முகவர் வில்லியம் ஹாலிடே நடவடிக்கையில் இறங்கினார். 45 பேர் மீது வழக்கு. குற்றப்பட்டியலைக் கேளுங்கள்: பேசினார்கள், ஆடினார்கள், பொருள்களைக் கொடுப்பதற்காக அடுக்கி வைத்தார்கள், விருந்தினரிடம் எடுத்துச் சென்றார்கள். ஊரார் தங்கள் முகமூடிகளையும் செப்புப் பட்டயங்களையும் சடங்குப் பொருள்களையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் பேசப்பட்டது. ஒப்படைக்க மறுத்தவர்களில் ஏறத்தாழ இருபது பேர் வான்கூவர் பக்கத்து ஓக்கல்லா சிறைக்குப் போனார்கள். ஒப்படைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பொருள்கள் அலர்ட் பேயின் தேவாலயக் கூடத்தில் பெஞ்சுகளின்மேல் பரப்பி வைக்கப்பட்டு, பிறகு ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்கும், நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் ஹே என்ற சேகரிப்பாளருக்கும் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பொட்லாட்ச் நடந்த ஊர் எது? மமலிலிகுலா. பிலிப்ஸ் ஐந்தரை ஆண்டு கழித்து வந்து இறங்கி, வரைந்து, அமைதியும் அழகும் கொண்ட வண்ணப் படமாக ஆக்கினாரே, அதே ஊர்.

அவர் படத்தில் ஆள் இருக்கிறாரா, எத்தனை பேர், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் என் வழக்கே இல்லை. கைதும் வழக்கும் சிறையும் ஒரு கரையோரக் காட்சிக்குள் எப்படியும் வராது. வராததை எதிர்பார்ப்பது முட்டாள்தனம். ஆனால் வராது என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்றை, வந்துவிட்டதாகப் பாவித்து, இதோ அந்தப் பண்பாட்டின் பதிவு என்று சுவரில் மாட்டினால், அது அந்த வழக்கை இரண்டாம் முறை மூடுவதாகும். அழிந்துகொண்டிருந்த பண்பாடு என்கிற அந்தச் சொற்றொடர் மிகவும் வசதியானது. அதில் ஹாலிடே இல்லை, சட்டம் இல்லை, ஓக்கல்லா இல்லை. மூப்பினால் சாகிற ஒருவரைப் போல ஊர் தன்பாட்டுக்குச் சாகிறது, கலைஞர் கடைசி நேரத்தில் வந்து முகத்தை வரைந்துகொள்கிறார்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடவும் உறுத்துகிறது. அந்த முகமூடிகளும் கம்பங்களும் வீட்டு முகப்புகளும் எதனால் ஆனவை? மரத்தால். யார் செதுக்கினார்கள்? அந்தக் கரையின் செதுக்குநர்கள். ஆக, ஒரே கரை, ஒரே காலம், இரண்டு மரச்செதுக்குக் கலைகள். ஒன்றின் விளைவைக் காவல்துறை மூட்டை கட்டியது. இன்னொன்று கண்காட்சிக்குப் போனது. தண்டிக்கப்பட்டவனின் கலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அவன் வீட்டை வரைந்தவனின் கலையை அவனுக்கான மீட்பு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1927ஐயே எடுத்துக்கொள்வோம். பிலிப்ஸ் அந்தக் கரைக்குப் போன அதே ஆண்டில், பூர்வகுடிகள் தங்கள் நில உரிமை வழக்குகளுக்கு அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதைக் கனடா சட்டம் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒட்டாவாவின் தேசியக் கலைக்கூடம் மேற்குக் கரைக் கலைக்கென்று பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. பூர்வகுடிகளின் செதுக்கு வேலைகள் ஒரு பக்கம், அந்தக் கரையை வரைந்த வெள்ளை ஓவியர்கள் மறுபக்கம். முகமூடி அணிந்து ஆடுவது குற்றம், அதே முகமூடி கண்ணாடிப் பெட்டிக்குள் நாட்டின் பெருமை. ‘கார்லுக்வீஸ்’ அச்சான 1929இல் அலர்ட் பேயில் செயின்ட் மைக்கேல்ஸ் விடுதிப் பள்ளியின் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத் தீவுகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை நாக்கிலிருந்து எடுத்துவிடுவதற்கு என்றே நடத்தப்பட்ட பள்ளி வகை அது. அந்தக் கட்டடத்தை 2015 பிப்ரவரியில் இடித்தபோது, அங்கே படித்தவர்கள் திரண்டு வந்து நின்று பார்த்தார்கள். 1929இல் அந்தக் கரையின் அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் பிள்ளைகளற்ற ஊரின் அமைதி எப்படி இருக்கும் என்றும் யோசிக்கட்டும்.

அந்தப் பண்பாடு உண்மையில் மறைந்துகொண்டிருந்ததா? மறைவதாக நம்ப விரும்பியவர்கள் அதற்குச் சாட்சிகளைத் தயாரித்தார்கள். புகைப்படக்காரர் எட்வர்ட் கர்டிஸ் 1914இல் இதே மக்களை வைத்துத் திரைப்படம் எடுத்தபோது, அவர்களுடைய அன்றாட உடைகளைக் கழற்றவைத்து மரப்பட்டை ஆடையும் பொய்முடியும் மாட்டிவிட்டார். எமிலி கார் கனடாவின் பெரிய ஓவியர், அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவருடைய புகழ்பெற்ற ‘பிளண்டன் ஹார்பர்’ ஓவியம், அந்த ஊருக்கு அவர் போகாமலே, மற்றொருவர் எடுத்த பழைய புகைப்படத்தைப் பார்த்து 1930 வாக்கில் வரையப்பட்டது. தனிமையும் மௌனமும் கவிந்த கம்பங்கள் அதில் நிற்கின்றன. அவர் அதை வரைந்த நாட்களில் அதே பிளண்டன் ஹார்பரில் வில்லி சீவீட் என்ற செதுக்குநர் உட்கார்ந்து, தடைச் சட்டத்தை மீறி, முகமூடிகள் செய்துகொண்டிருந்தார். அந்தக் கரை தந்த மிகப் பெரிய கலைஞர்களில் ஒருவர். 1967 வரை வாழ்ந்தார். மௌனத்தை வரைந்தவர்கள் ஒருமுறை கதவைத் தட்டியிருந்தால் உளிச் சத்தம் கேட்டிருக்கும்.

இங்கே சிலர் ஊடகத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள். மரச்செதுக்கு என்பதே சுருக்குவது, அமைதிப்படுத்துவது, அதில் சண்டை சச்சரவுக்கு இடம் இல்லை என்பார்கள். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் சீன எழுத்தாளர் லூ ஷுன் இளைஞர்களைக் கூட்டி மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார். அதிலிருந்து கிளம்பிய இயக்கம் பசியையும் போரையும் கட்டையில் வெட்டியது. ஜப்பானிய ஆசிரியர் ஒருவரிடம்தான் அந்த இளைஞர்களும் நுட்பம் கற்றார்கள் என்பது பிலிப்ஸோடு வைத்துப் பார்க்கத் தக்க ஒற்றுமை. வங்கத்தில் சோம்நாத் ஹோர் 1946இல் தேபாகா விவசாயிகளின் கிளர்ச்சிக்குள் போய் வரைந்து, அதை மரச்செதுக்காக்கினார். கூட்டமாக உட்கார்ந்து பேசுகிறவர்கள், விளக்கொளியில் முகங்கள். மரம் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. உளி பிடித்தவர் எங்கே நின்று பார்த்தார் என்பதுதான் கேள்வி.

பிலிப்ஸ் யாரையும் கைது செய்யவில்லையே, அவர்மேல் ஏன் பழி என்பது இன்னொரு வாதம். பழி போடவில்லை. அவர் சுற்றுலாப் பயணியாக வந்த நல்ல ஓவியர், அவ்வளவே. மழையும் மரமும் நீரும் சேரும் இடத்தை விரும்பினார், விரும்பியதைச் செய்தார். அவரை மீட்பர் ஆக்கியவர்கள் பிற்பாடு வந்தவர்கள். ஓர் ஓவியனுக்கு அவன் கேட்காத கிரீடத்தைச் சூட்டி, அந்தக் கிரீடத்தின் பளபளப்பில் ஒரு சட்டத்தின் கொடுமையை மறைத்தது அவர்கள் வேலை.

தோவாளையில் உட்கார்ந்துகொண்டு கனடாக் கரையைப் பற்றி இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். தோவாளையில் இருப்பதால்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தேய்ந்து முடிகிற இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில், கடல் கண்ணில் படாத ஊர் இது. வயலும் பூவும் எங்கள் பிழைப்பு. எங்கள் சந்தைப் பூ திருவிழாக் காலத்தில் கடற்கரைக் கோயில்களுக்குப் போகும், நாங்கள் போகமாட்டோம். நாஞ்சில் நாட்டு உழவர் குடிகள் முக்குவரையும் பரவரையும் தங்களோடு சரிசமமாக உட்காரவைத்த காலம் என்று ஒன்று இருந்ததாக யாரும் பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த வீடுகளின் சுவரில் கட்டுமரப் படம் இருக்கும். அஸ்தமனச் சூரியன், கரையில் சாய்ந்த கட்டுமரம், தூரத்தில் ஒரு வலைக்காரனின் கறுப்பு நிழல். ஆளை வாசலோடு நிறுத்திவிட்டு அவன் மரத்தை மட்டும் கூடத்துக்குள் அழைத்துவருவது எங்களுக்கும் தெரிந்த வித்தை.

அச்சுப் படத்திலும் இந்த வட்டாரத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தென்கோடி வரை வந்து வரைந்துபோனார்கள். அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் கன்னியாகுமரியின் பெயர் தாங்கிய செப்புத்தகட்டு அச்சு ஒன்று இருக்கிறது. களக்காட்டருகே எடுத்தது என்று தலைப்பே ஒப்புக்கொள்கிறது. பெயர் கடல்முனைக்கு, காட்சி எங்கள் முதுகுப்புறத்து மலைத்தொடருக்கு. லண்டனில் அதை வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான். நம் காலத்தில் முட்டத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படம் வந்த பிறகு தமிழ்நாடே அந்தப் பாறைகளை அறியும். அதே கரையிலுள்ள கடியப்பட்டினத்தில் தங்கி முக்குவப் பெண்களின் உழைப்பைப் பற்றிக் கல்பனா ராம் 1991இல் எழுதிய புத்தகத்தை எத்தனை பேர் அறிவார்கள்? வட்டிக்கு வாங்கி, மீன் விற்று, குடும்பத்தின் கடனைச் சுமந்த பெண்கள் எந்தக் காலண்டரிலும் ஏறவில்லை.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் எங்கள் மாவட்டக் கடற்கரை ஊரான இனையத்தில் பெருந்துறைமுகத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தபோதும், எதிர்ப்பு வலுத்து அது கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்த்தப்பட்டபோதும், உள்நாட்டில் அதை ஆதரித்தவர்கள் பேசிய தோரணையைக் கேட்டிருக்கிறேன். சும்மா கிடக்கிற மணல்தானே என்பார்கள். வலை உலர்கிற இடம், மரம் ஏற்றுகிற இடம், ஏலம் போடுகிற இடம், ஊர்க்கூட்டம் நடக்கிற இடம் என்று ஒவ்வொரு அடிக்கும் கணக்கு இருக்கிற கரை அது. அதை ஆளற்ற அழகாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆளற்ற நிலமாகப் பார்ப்பது பெரிய தாவல் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோதும் இதுதான் நடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள் என்பதே உள்நாட்டில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. காணாமல்போனவர்களைத் தேடி அந்த ஊர்க்காரர்களே படகெடுத்துப் போனார்கள். கட்டுமரப் படம் அவர்களைப் பற்றி நமக்கு என்ன சொல்லித் தந்திருந்தது? ஒன்றுமில்லை. தங்களைக் கடல் பழங்குடிகளாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது, படத்தில் பார்த்தே பழகியவர்கள் வியப்போடு திரும்பிப் பார்க்கிறார்கள்.

கடலோர மக்களை யாராவது வெளியிலிருந்து வந்து பதித்துவைக்க வேண்டும் என்ற நினைப்பு நம் கரையைப் பொறுத்தவரை நகைப்புக்குரியதும்கூட. தமிழ் எழுத்தில் அச்சான முதல் இந்தியப் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’, 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. யாருக்காக? முத்துக்குளித்துறையின் மீன்பிடி மக்களுக்காக. நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஏடும் எழுத்தாணியும் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் அச்சுப் புத்தகம் கடற்கரைக்குப் போய்விட்டது. 1586இல் ஹென்றிக் ஹென்றிக்கஸின் ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர்களின் புத்தகங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வாசகர்கள், வரையப்பட வேண்டிய காட்சி அல்ல. நானூறு ஆண்டு கழித்து, 1988இல் தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் தந்தார். உவரியின் ஜோ டி குரூஸ் 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதினார். வறீதையா கான்ஸ்தந்தின் முக்குவர் வரலாற்றையும் கடலறிவையும் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டே இருக்கிறார். இவற்றில் அஸ்தமனம் குறைவு, கடன் அதிகம், கெட்டவார்த்தையும் உண்டு, உயிர் இருக்கிறது.

பிலிப்ஸின் ரசிகர்கள் கடைசியாக வைத்திருக்கும் சீட்டு ஒன்று உண்டு. அவர் செய்திராவிட்டால் 1920களின் அந்த ஊர்களைப் பற்றி நமக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. நமக்கு என்று யாரைச் சொல்கிறார்கள்? அந்த ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது நிறைய. தங்கள் முகமூடிகள் எந்த அருங்காட்சியகத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று இரண்டு தலைமுறை மறக்காமல் வைத்திருந்தார்கள். 1951இல் சட்டப் புத்தகத்திலிருந்து தடை போயிற்று. 1953இல் செதுக்குநர் மங்கோ மார்ட்டின் விக்டோரியா நகரில் தன் மக்களின் முறைப்படி ஒரு பெரிய வீட்டைக் கட்டி, தடை நீங்கிய பின் வெளிப்படையாக நடந்த முதல் பொட்லாட்சை அங்கே நடத்தினார். பறிபோனவற்றைத் திருப்பிக் கேட்டுப் போராடி, அவற்றை வைக்க 1979இல் கேப் மட்ஜிலும் 1980இல் அலர்ட் பேயிலும் தங்கள் சொந்த அருங்காட்சியகங்களைத் திறந்தார்கள். கேட்டவை எல்லாம் ஒரே நாளில் வரவில்லை, துண்டு துண்டாக வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்த முகமூடி ஒன்று 2005இல் நீண்டகாலக் கடனாக மட்டுமே வந்தது. சொந்தக்காரனுக்கே கடன்! கார்லுக்வீஸை விட்டு 1960களில் வெளியேறிய குடும்பங்களின் வாரிசுகள் இப்போது கேம்ப்பெல் ரிவர் அருகே நிலம் வாங்கித் தங்களுக்கென்று புது ஊர் கட்டுகிறார்கள். மறைந்துபோனவர்கள் செய்கிற வேலையா இது?

அச்சுக்கலையைப் பற்றித்தான் பேச்சென்றால், அங்கேயும் அவர்கள் காத்திருக்கவில்லை. அலர்ட் பேயில் பிறந்த எலன் நீல், மங்கோ மார்ட்டினின் சகோதரி மகள், கம்பம் செதுக்கியதோடு தன் குடும்பத்து உருக்களைப் பட்டுத்திரை அச்சாகத் துணியில் பதித்து 1940களின் இறுதியிலிருந்தே விற்றார். பிழைப்புக்காகத்தான். சுற்றுலாக்காரர்களுக்காகத்தான். அதனாலேயே பல காலம் கலை வரலாற்றுக்காரர்கள் அவரை ஓரமாக வைத்தார்கள். பிலிப்ஸும் விற்பனைக்குத்தானே அச்சிட்டார்? 1970களுக்குள் அந்தக் கரையின் பூர்வகுடிக் கலைஞர்களின் திரையச்சுகள் ஒரு பெரும் இயக்கமாகி, 1977இல் அவர்களுக்கென்று கலைஞர் சங்கமும் உருவாயிற்று. அந்த அச்சுகளில் கரையோர ஊர் தூரத்துக் காட்சியாக வருவதே அபூர்வம். ஓநாயும் காகமும் கடற்பிராணியும், எந்தக் குடும்பத்துக்கு எந்த உரு உரிமை என்ற கணக்கோடு வருகின்றன. யாருடையது என்பது அங்கே படத்தின் உள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஊர் மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ்களை மடித்துத் தட்டையாகக் கட்டும் அந்த வேலையின்மேல் தோவாளை என்ற பெயர் இனி வெறும் அழகுக்காக நிற்கவில்லை, உரிமையாக நிற்கிறது. ‘கார்லுக்வீஸ்’ என்ற அச்சிலோ ஊர்ப் பெயர் தலைப்பாக இருக்கிறது, கையெழுத்து மட்டும் வேறு ஒருவருடையது. அதன் ஒவ்வொரு விற்பனையிலும் ஊர் பெயரைக் கொடுத்தது, வேறு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

பிலிப்ஸின் படங்களைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. மாட்டியிருக்கட்டும். வானத்தை அவர் எப்படி மங்கவைத்தார் என்று மாணவர்கள் அருகே போய்ப் பார்க்கட்டும், கட்டை பொருந்திய குறியைத் தேடட்டும். ஆனால் ‘மமலிலிகுலா, 1928’ என்று எழுதிய பெயர்ச்சீட்டில், அழிந்துவந்த பண்பாடு என்ற வரியை அடித்துவிட்டு, 1921 டிசம்பரில் இங்கே நடந்த விருந்தைப் பற்றியும் அதற்காகச் சிறை போனவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதலாம். பக்கத்திலேயே வில்லி சீவீட்டின் முகமூடி ஒன்றையும் மாட்டலாம், அவருடைய மக்கள் சம்மதித்தால்.